காட்டுப் பூவரசுக்கு 10 மடங்கு லென்ஸே போதும்

இலையையும் பூவையும் பெரிதாக்கிப் பார்க்க முதலில் வாங்கியது 30 மடங்கு என்று அச்சடித்த மலிவுக் கை லென்ஸ். அதை வாங்காதீர்கள். கண்ணுக்குத் தெரியும் வட்டம் மிளகு அளவுதான், இலையைக் கிட்டே கொண்டுபோனால் நிழல் விழுந்து ஒரே இருட்டு. இப்போது வைத்திருப்பது மூன்று கண்ணாடி சேர்த்து ஒட்டிய 10 மடங்கு டிரிப்லெட். விலை 900 ரூபாய், ஆறு மாதமாகச் சட்டைப்பையில்தான் இருக்கிறது.

இதை வாங்கியதே நீலகிரியின் காட்டுப் பூவரசுக்காக. பெயரில் பூவரசு இருந்தாலும் ஊர்ப் பூவரசுக்கும் இதற்கும் உறவில்லை, இது ரோடோடென்ட்ரான், எரிகேசியே குடும்பம். காற்று அடிக்கும் புல்வெளியில் முறுக்கிக்கொண்டு இடுப்பளவுப் புதராக நிற்கும், சோலை ஓரத்தில் அதுவே மரமாக நிற்கும். இமயத்தில் இருக்கும் இதன் சொந்தக்காரன் சிவப்பு, இளஞ்சிவப்பு, வெள்ளை என்று இடத்துக்கு இடம் பூ நிறத்தை மாற்றும். அதனால் உயரத்தையும் நிறத்தையும் மட்டும் நம்பினால் குழப்பம்தான். போனில் இருந்த செடி ஆப் ஒரே புதருக்கு மூன்று படத்தில் மூன்று பெயர் சொன்னது.

இலையைத் திருப்பிப் பாருங்கள். தம்பி உத்தராகண்டிலிருந்து நோட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்த புரான்ஸ் இலையையும் (மேலே சொன்ன இமயத்துச் சொந்தக்காரன் இதுதான், அந்த மாநில மரம்) தொட்டபெட்டாவில் கீழே கிடந்த இலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். புரான்ஸின் அடியில் வெள்ளிப் பூச்சு பூசினாற்போல் மெல்லிதாக ஒட்டிக் கிடக்கிறது. நம்முடையதில் பழுப்பு ரோமம், பழைய கம்பளி மாதிரி தடிப்பாக, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு. இலையும் குட்டை, அகலம். வெறுங்கண்ணில் 'ஏதோ பழுப்பு' என்று போய்விடும், லென்ஸில் இழை இழையாகத் தெரிகிறது.

இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 2000 கிலோமீட்டர். ஜெர்மானியத் தாவரவியலாளரான ஜெங்கர் நீலகிரிச் செடியைத் தனி இனமாகவே பெயரிட்டார், பின்னால் வந்தவர்கள் பலர் புரான்ஸின் இனமான ரோடோடென்ட்ரான் ஆர்போரியத்தின் துணையினமாக வைத்தார்கள். இலங்கை மலைகளில் இருப்பது இன்னொரு துணையினம். அந்த ரோமத்தைப் பார்த்தபிறகு ஜெங்கர் ஏன் பிரித்தார் என்பது எனக்குப் புரிகிறது, ஆனால் பூவின் அமைப்பு அவ்வளவு ஒத்துப்போவதால் துணையினம் என்பதே சரி என்று படுகிறது.

பூ கிடைத்தால் விடாதீர்கள். பத்துக் கேசரம் (மகரந்தத் தாள்), ஒவ்வொரு மகரந்தப் பையின் நுனியிலும் ஊசி குத்தினாற்போல் இரண்டு துளை. அதன் வழியாகத்தான் மகரந்தம் வெளியே வரும். பார்த்த அன்று அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து இலையைக் கிட்டே கொண்டுவாருங்கள், இரண்டரை சென்டிமீட்டரில் தெளிவாகும். காப்புக்காட்டில் கிளையை ஒடிக்க வேண்டாம், உதிர்ந்ததே நிறையக் கிடக்கும். ஒரே குறை, கழுத்தில் மாட்டக் கயிறு தரவில்லை. புல்லில் விழுந்தால் கிடைக்காது, கிளம்புமுன் ஒரு சிவப்பு நாடா கட்டிவிடுங்கள்.