மலாயாவா, மதுரையா? போர்க்கால நாவலுக்குக் களம் தேடியபோது

இரண்டாம் உலகப் போரின் பிரச்சாரத்தை மையமாக வைத்து ஒரு நாவல் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தபோது எனக்கு முன்னால் இரண்டு களங்கள் இருந்தன. ஒன்று, ஜப்பான்காரன் பிடித்துவைத்திருந்த மலாயா. இன்னொன்று, ஒரு குண்டுகூட விழாத மதுரை. முதல் 140 பக்கங்களை மலாயாவில்தான் எழுதினேன். போன தை மாதம் அதைக் கட்டி அலமாரியில் வைத்துவிட்டு மதுரையில் புதிதாகத் தொடங்கியிருக்கிறேன். இதே மாதிரி எழுத நினைக்கும் இரண்டு நண்பர்கள் காரணம் கேட்டார்கள். விளக்கமாகச் சொல்லிவிடுவது நல்லது.

மலாயாவின் பலம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சம்பவத்துக்குப் பஞ்சமே இல்லை. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுகிறது. ஊருக்கு ஸ்யோனான் என்று பெயர் வைக்கிறார்கள், கடிகாரத்தை டோக்கியோ நேரத்துக்குத் திருப்புகிறார்கள், கையில் வாழைமரப் படம் போட்ட ஜப்பான் நோட்டைத் திணிக்கிறார்கள். தோட்டத் தமிழர்களை அள்ளிக்கொண்டு போய் 415 கிலோமீட்டர் சயாம் (இன்றைய தாய்லாந்து)–பர்மா ரயில் பாதை போடும் வேலையில் தள்ளுகிறார்கள். 1943 ஜூலையில் நேதாஜி வந்து இறங்குகிறார். அக்டோபர் 21-இல் அவர் தலைமையில் ஆசாத் ஹிந்த் என்ற தற்காலிக சுதந்திர இந்திய அரசு. ரப்பர் மரத்தில் பால் எடுத்த பெண்கள் ஜான்சி ராணி படையில் துப்பாக்கி தூக்குகிறார்கள். எழுதுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்?

மலாயாவை நான் பார்த்ததில்லை. அந்த மழையும் ரப்பர் பால் வாடையும் எனக்குப் படித்த அறிவுதான். போதாததற்கு, போர்க் காலத்தில் சுமத்ரா தீவின் மேடானில் இருந்துவிட்டு வந்து, இதே மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்த ப. சிங்காரம் அந்த உலகத்தை முன்பே எழுதிவிட்டார். ஆனால் நான் மலாயாவை விட்டதற்குக் காரணம் இவை அல்ல. உழைத்தால் இடத்தைத் தெரிந்துகொள்ளலாம். பெரியவர் ஒருவர் எழுதிவிட்டார் என்பதற்காக அந்தப் பக்கமே போகக்கூடாது என்றும் இல்லை.

காரணம் தூரம். சொல்லுக்கும் சம்பவத்துக்கும் நடுவில் இருக்கிற தூரம்.

என் மலாயாப் பக்கங்களில் ஒரு தோட்டத் தொழிலாளி வானொலியில் 'ஆசியா ஆசியருக்கே' என்று கேட்கிறான். அன்று சாயங்காலமே பாலத்துக் காவலில் நின்ற சிப்பாய், குனிந்து வணங்கவில்லை என்று அவன் கன்னத்தில் அறைகிறான். அடுத்த அத்தியாயத்தில் நல்ல கூலி என்று அறிவிக்கிறார்கள். லாரி நேராக சயாமுக்குப் போகிறது. திருப்பிப் படித்தபோதுதான் புரிந்தது, ஒவ்வொரு அத்தியாயமும் இதே தடத்தில் ஓடுகிறது. ஒரு சொல், உடனே அதை உடைக்கிற ஓர் அடி. வாசகர் பொய்யைப் பொய் என்று அடுத்த பக்கத்திலேயே தெரிந்துகொள்கிறார். பரிதாபம் வருகிறது, கோபம் வருகிறது, ஆனால் நம்புவதா வேண்டாமா என்ற தவிப்பு வருவதில்லை. எனக்கு வேண்டியது அந்தத் தவிப்புதான்.

மதுரைக்குப் போர் வரவே இல்லை. போரைப் பற்றிய பேச்சுதான் வந்தது. 1939 மே மாதம் தொடங்கிய திருச்சி வானொலி ஒன்று சொல்லும். இரவில் பெர்லினிலிருந்தும் பிறகு சிங்கப்பூரிலிருந்தும் வந்த ஒலிபரப்பு வேறு சொல்லும். தணிக்கைக்குப் பயந்த பத்திரிகை பாதி சொல்லும். பர்மாவிலிருந்து காட்டு வழியாக நடந்து வந்து சேர்ந்தவர் சொல்வது எதோடும் பொருந்தாது. 1942 ஏப்ரல் 5-இல் கொழும்பிலும், மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்ததும் மதராஸே காலியாகிறது. மூட்டை முடிச்சோடு தெற்கே வந்து இறங்கிய சொந்தக்காரர்களும் ஆளுக்கொரு கதை கொண்டுவருகிறார்கள். எதையும் நேரில் போய்ப் பார்த்துவர முடியாது. சொல்கிறவன் யார் என்று பார்த்துத்தான் நம்ப வேண்டும். பிரச்சாரம் வேலை செய்கிற இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஓர் உதாரணம் போதும். 1939 செப்டம்பரில், போர் அறிவித்த மூன்றாம் நாள், சுபாஷ் சந்திர போஸ் மதுரைக்கு வந்தார். முத்துராமலிங்கத் தேவர் உடனிருந்தார். அந்தக் கூட்டத்தில் நின்றவர்கள் அவரைக் கண்ணால் பார்த்தவர்கள். 1942 மார்ச் கடைசியில் அவர் விமான விபத்தில் இறந்துவிட்டதாக உலகமெங்கும் செய்தி பரவியது. காந்தியே போஸின் தாயாருக்கு இரங்கல் தந்தி அனுப்பினார். சில நாளில் அது பொய் என்று ஆனது. போஸ் வானொலியில் பேசினார். 1945 ஆகஸ்டில் மறுபடியும் அதே செய்தி: விமான விபத்து, இறந்துவிட்டார். ஒரு முறை அழுது ஏமாந்தவர்கள் இரண்டாம் முறை எப்படி நம்புவார்கள்? அவர் உயிரோடுதான் இருக்கிறார் என்று தேவர் பிறகும் சொல்லிவந்தார். இந்தப் பக்கத்துக் கிராமங்கள் பல வருஷம் அதையே பிடித்துக்கொண்டிருந்ததை மூட நம்பிக்கை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அரசாங்கத்தின் வாய் ஒரு தடவை பொய்த்தால் அதன் உண்மையும் செல்லாமல் போகிறது. மலாயாவில் இருந்துகொண்டு இதை என்னால் எழுத முடியாது.

அரசியலும் இங்கேதான் நெருக்கமாகக் கிடைக்கிறது. 1942 ஆகஸ்டுக்குப் பிறகு காங்கிரஸ்காரர்கள் சிறையில். ராஜாஜி அதற்கு முன்பே காங்கிரஸை விட்டு விலகி, 'வெள்ளையனே வெளியேறு' வேண்டாம் என்கிறார். பெரியாரும் நீதிக்கட்சியும் போருக்கு ஆதரவு. சோவியத் மீது ஜெர்மனி பாய்ந்த பிறகு கம்யூனிஸ்டுகளுக்கு இது மக்கள் யுத்தம். தேவர் சிறையில் இருந்தாலும் அவர் ஆட்கள் வெளியே இருக்கிறார்கள். இத்தனை பேரும் ஒரே மாசி வீதியில், ஒரே காப்பி கிளப்பில் எதிரெதிரே உட்காரக்கூடியவர்கள்.

என் அப்பத்தா வைத்திருந்த காசு ஒன்று இப்போது என் மேசையில் இருக்கிறது. ஓட்டைக் காலணா, 1943. போரில் செம்புத் தட்டுப்பாடு என்று நடுவில் துளை போட்டு அடித்தது. துளையைச் சுற்றி ஒரு வளையம்தான் மிச்சம்; ராஜா தலை கிடையாது, மேலே சின்னதாக ஒரு கிரீடம் மட்டும். அரைஞாணில் கோத்துக் கோத்து துளையின் உள் விளிம்பு மழுங்கியிருக்கிறது. "காசுலயே ஓட்டையப் போட்டுட்டான், வெள்ளைக்காரன் சோலி முடிஞ்சுச்சுன்னு பேசிக்கிட்டாகப்பா" என்பார். தட்டுப்பாட்டுக்காக அடித்த காசு, அரசாங்கத்துக்கு எதிரான பிரச்சாரமாக வீடு வீடாகப் போயிருக்கிறது. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, யாரும் அச்சடிக்கவில்லை. இப்படி ஒரு பொருள் எனக்கு மலாயாவிலிருந்து கிடைக்கவில்லை.

மதுரைக் களத்துக்குக் குறை இல்லாமல் இல்லை. பக்கம் பக்கமாக ஒன்றும் நடக்காது. 1942 ஆகஸ்ட் மாதம்தான் விதிவிலக்கு: தேவகோட்டையில் நீதிமன்றம் எரிகிறது, திருவாடானையில் காங்கிரஸ் போராட்டக்காரர் சின்ன அண்ணாமலையை மீட்க ஜனங்கள் சிறையையே உடைக்கிறார்கள். மற்ற மாதங்களை அரிசி, மண்ணெண்ணெய், நூல் தட்டுப்பாட்டை வைத்தே நகர்த்த வேண்டும். நூல் கிடைக்காத சௌராஷ்டிர நெசவாளர் வீட்டுக்குள் என்ன பேசியிருப்பார்கள், ஹார்வி மில் ஷிப்ட் முடிந்து வந்தவர் வீட்டில் என்ன சொன்னார் என்பதெல்லாம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அந்தப் பகுதிகளை யூகத்தில்தான் எழுதுகிறேன், அது எழுத்தில் தெரியவும் செய்கிறது.

போரின் வதையை எழுத வேண்டும், அல்லது வீட்டில் மலாயாவிலிருந்து திரும்பிய தாத்தாவின் கடிதப் பெட்டி இருக்கிறது என்றால், யோசிக்காமல் மலாயாவுக்குப் போங்கள். பிரச்சாரம்தான் கரு என்றால் குண்டு விழாத ஊரில் உட்காருங்கள் என்பேன்.

இப்போது 1942 மார்ச் முடிந்து ஏப்ரல் பிறக்கும் இடத்தில் நிற்கிறேன். காப்பி கிளப் முதலாளி அடுப்படிச் சுவரில் மாட்டியிருந்த போஸ் படத்துக்கு அழுதுகொண்டே மாலை போட்டுவிட்டார். நாலாம் நாள், அவர் உயிரோடிருக்கிறார் என்று சேதி வருகிறது. மாலை வாடித் தொங்குகிறது. அதைக் கழற்றினால் இந்தச் சேதியை நம்பியதாக ஆகும், இதுவும் பொய்யாகிவிட்டால்? முதலாளி முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி நிற்கிறார். கீழே நாலு கட்சிக்காரர்களும் டபராவைக் கையில் பிடித்தபடி அண்ணாந்து பார்க்கிறார்கள்.