பள்ளி கொடுத்த டேப்பைச் சரிபார்க்கக் கொடுத்து 6,500 ரூபாய் பறிபோனது: நெல்லைப் பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை

பழுதே இல்லாத ஒரு டேப்பை (டேப்லெட் கணினியை) பழுதுபார்த்துக் கொடுத்ததாகச் சொல்லி எங்களிடம் வாங்கப்பட்ட தொகை 6,500 ரூபாய். வாங்கியது, திருநெல்வேலி சந்திப்புப் பக்கம் கைபேசி, மடிக்கணினி, டேப் என எல்லாவற்றையும் பழுதுபார்க்கும் ஒரு கடை. நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இருப்பதால் கடையின் பெயரை இப்போது எழுதவில்லை. பள்ளிகள் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் டேப்பில் வழக்கமாக வரும் கோளாறுகளையும், வீட்டிலேயே பார்த்துக்கொள்ளக்கூடிய வழிகளையும் ஒன்றுவிடாமல் எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் நேற்று அந்தக் கடைக்காரர் பேசிய பேச்சு இன்னும் காதில் நிற்கிறது. அதனால் நடந்ததை முதலில் சொல்கிறேன்.

எங்கள் ஊர் சேரன்மகாதேவி. நான் வீட்டில் தையல் வேலை செய்கிறேன். மகள் பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் இந்த ஆண்டு பத்தாம் வகுப்புக்குப் போகிறாள். ஒன்பதாம் வகுப்பின் தொடக்கத்தில் காப்புத்தொகை வாங்கிக்கொண்டு பள்ளி ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு டேப் கொடுத்தது. அது பள்ளியின் உடைமை. படிப்பு முடிந்து போகும்போது திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பின்பக்கத்தில் பள்ளியின் பதிவேட்டு எண் ஒட்டப்பட்டிருக்கும். எந்தச் செயலி இருக்கலாம், எது இருக்கக் கூடாது என்பதையெல்லாம் பள்ளியே தொலைவிலிருந்து கட்டுப்படுத்தும். கடையில் வாங்கும் டேப்புக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். பழுதுபார்ப்பவர் யாராக இருந்தாலும் அவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

கோடை விடுமுறையில் டேப் சில வாரங்கள் பீரோவுக்குள்ளேயே கிடந்தது. பள்ளி திறக்கச் சில நாட்கள் இருக்கும்போது, விடுமுறைப் பாடத்தை முடிப்பதற்காக மகள் எடுத்தாள், அது எழவில்லை. சார்ஜரில் போட்டுப் பார்த்தோம், திரை கறுப்பாகவே இருந்தது. பள்ளி அலுவலகம் பூட்டியிருந்தது. வகுப்பில் கூந்தன்குளத்துக்கு அழைத்துப் போனபோது அவள் எடுத்த படங்களும், மஞ்சள் மூக்கு நாரைகள் கூடு கட்டுவதைப் பற்றி அவளே கையால் எழுதி வரைந்து வைத்திருந்த குறிப்புகளும் அதற்குள் இருந்தன. பள்ளி திறந்ததும் ஒப்படைக்க வேண்டிய செயல்திட்டம் அது. பிள்ளை சாப்பிடாமல் அழுதுகொண்டிருந்ததால் மறுநாளே பேருந்தேறிச் சந்திப்புக்குப் போனேன்.

அந்தக் கடைக்காரர் எங்களை எப்படி நடத்தினார் என்பதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் போனது அந்த இடத்தில்தான். நின்றுகொண்டிருந்த மற்றவர்களை விட்டுவிட்டு எங்களுக்கு நாற்காலி போட்டார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். பின்பக்கத்து ஒட்டுத்தாளைப் பார்த்ததும், “பள்ளிக்கூடத்து டேப்பாக்கா? எம் பிள்ளையும் பத்தாவதுதான் போகுது. படிக்கிற பிள்ளை சாமான்ல நான் தப்புப் பண்ணுவனா, ஒண்ணும் கவலைப்படாதிய” என்றார். மகளிடம் குறிப்புகளைப் பற்றியும் கேட்டார். ஒன்றும் அழியாது என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார். பிறகு விளக்கொளியில் வைத்து, சிவப்பும் கறுப்புமாக இரண்டு ஒயர் நீண்ட மீட்டரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, “போர்டு போயிட்டுக்கா. சார்ஜ் ஐசியும் போயிட்டு. ரெண்டையும் மாத்தினாத்தான் எந்திரிக்கும்” என்றார். போர்டு என்றால் டேப்பை இயக்கும் முதன்மைச் சுற்றுப்பலகை, சார்ஜ் ஐசி என்றால் சார்ஜ் ஏறுவதைக் கவனிக்கும் சில்லு. போர்டுக்கு 5,000, ஐசிக்கு 1,500, மொத்தம் 6,500 ரூபாய். வெளியே எட்டாயிரத்துக்குக் குறைந்து செய்ய மாட்டார்கள் என்றும், பில் போட்டால் 18 சதவீதம் வரி சேரும், பிள்ளைப் படிப்புச் செலவில் அது எதற்கு என்றும் அவரே இரக்கப்பட்டுச் சொன்னார். முன்பணமாக 2,000 ரூபாயை ஸ்கேன் செய்து அனுப்பினேன். கைபேசியில் கடையின் பெயர் வரவில்லை, வேறு யாரோ ஒருவருடைய பெயர் வந்தது. கேட்டபோது, வீட்டில் உள்ளவர்களின் கணக்கு என்றார். திரைப்பூட்டின் கடவு எண்ணையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டார்.

போர்டு சென்னையிலிருந்து வர வேண்டும், லாரி வரவில்லை, டெக்னீஷியன் ஊருக்குப் போயிருக்கிறார் என்று நாட்கள் போயின. கடைசியில் கூப்பிட்டார். போனபோது டேப்பின் திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் முதல் திரை தெரிந்தது. “புதுசு மாதிரி ஆக்கிட்டேன் பாத்தியளா” என்றார். மீதி 4,500 ரூபாயைக் கொடுத்தேன். வைகாசி முகூர்த்தங்களுக்கு இரவெல்லாம் உட்கார்ந்து ரவிக்கை தைத்து, பத்தாம் வகுப்புப் புத்தகத்துக்கும் சீருடைக்கும் என்று ஒதுக்கி வைத்திருந்த பணம் அந்த 6,500 ரூபாய்.

வீட்டுக்கு வந்து இணையத்தில் இணைத்ததும், இந்தச் சாதனம் முன்பு பதிந்திருந்த நிர்வாகியின் கணக்கைக் கொண்டு திறக்கவும் என்று கேட்டு நின்றுவிட்டது. மகளின் கணக்கை ஏற்கவில்லை. படங்கள் இல்லை, குறிப்புகள் இல்லை, பாடச் செயலிகள் ஒன்றும் இல்லை. பின்மூடியின் ஒரு மூலை ஒட்டாமல் நகம் நுழையும் அளவுக்குத் திறந்திருந்தது.

அன்று மாலையே அழைத்தேன். அண்ணன் சாப்பிடப் போயிருக்கிறார் என்றார்கள். அடுத்த முறை, தொழுகைக்கோ கோயிலுக்கோ போயிருக்கிறார், வந்ததும் பேசுவார் என்றார்கள். நேரில் போனபோது, முதல் நாள் நாற்காலி போட்ட அதே மனிதர் தலையைத் தூக்காமலேயே, “ஆன் பண்ணித் தரணும்னு சொன்னிய, ஆன் பண்ணித் தந்தாச்சு. பூட்டு உங்க பள்ளிக்கூடத்துப் பூட்டு, அதுக்கு நான் என்ன செய்யுதது” என்றார். அழிந்த குறிப்புகளைப் பற்றிக் கேட்டதற்கு, உங்கள் பிள்ளைதான் எதையாவது அமுக்கியிருப்பாள் என்று பிள்ளையை வைத்துக்கொண்டே சொன்னார். பழைய போர்டைக் கொடுங்கள் என்றேன். குப்பையில் போட்டாயிற்று என்றார். நேற்று மறுபடியும் போனபோது, மற்ற வாடிக்கையாளர்களுக்கு முன்னால், “பில் இருக்கா? பில் இல்லாம எந்தக் கடைன்னு நான் எப்படி நம்புதது?” என்று கேட்டார். வரி மிச்சம் என்று பில்லைத் தடுத்தவரே அதைக் கேட்கிறார். என் எண்ணிலிருந்து போகும் அழைப்பு இப்போது அவருக்குச் சேர்வதில்லை.

பள்ளி திறந்ததும் கணினி ஆசிரியரிடம் டேப்பைக் கொடுத்தோம். அவர் பள்ளியின் நிர்வாகக் கணக்கை உள்ளிட்டுத் திறந்தார். அமைப்புகளுக்குள் போய்த் தொடர் எண்ணைப் பார்த்துப் பள்ளிப் பதிவேட்டோடு ஒப்பிட்டார். இரண்டும் ஒன்றே. தொடர் எண் போர்டில் உள்ள நினைவகத்தில்தான் பதிந்திருக்கும், போர்டு மாறியிருந்தால் எண்ணும் மாறியிருக்கும் என்று அவர் விளக்கினார். ஆக, 5,000 ரூபாய் போர்டு என்று ஒன்று அந்த டேப்புக்குள் போகவே இல்லை.

விடுமுறை முழுவதும் கிடந்த டேப்புகள் ஒவ்வோர் ஆண்டும் இப்படித்தான் வரும் என்றும் அவர் சொன்னார். லித்தியம் பேட்டரி முழுவதுமாக வற்றிவிட்டால், உள்ளே சார்ஜைக் கட்டுப்படுத்தும் சுற்று உடனே வேகமாக மின்சாரத்தை ஏற்றாது. முதலில் சொட்டுச் சொட்டாகத்தான் ஏற்றும். அந்த நேரத்தில் திரை கறுப்பாகவே இருக்கும், பேட்டரிப் படம்கூடத் தெரியாது. அதோடு கூட வந்த சார்ஜரில் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ அசைக்காமல் விட்டுவிட்டு, பவர் பொத்தானைப் பத்துப் பதினைந்து விநாடி விடாமல் அழுத்தினால் பெரும்பாலானவை எழுந்துவிடும். அதே நாளில் வேறொரு மாணவனின் டேப்பும் கறுத்த திரையோடு வந்திருந்தது. என் கண்ணெதிரில் அதைச் சார்ஜரில் போட்டு வைத்தார். அடுத்த பாடவேளை முடியும் முன் அது எழுந்துவிட்டது. செலவு ஒரு பைசா இல்லை. எங்களுக்கு 6,500 ரூபாய்.

எங்கள் டேப்பும் அந்தக் கடை மேசையில் சார்ஜ் ஏறியதும் தானாகவே எழுந்திருக்க வேண்டும். பெரிய வேலை செய்ததாகக் காட்டுவதற்காக மூடியைத் திறந்து, உள்ளிருந்த எல்லாவற்றையும் அழித்துப் புதியது போல ஆக்கியிருக்கிறார் என்றே நான் நினைக்கிறேன். கடவு எண்ணை எழுதிக் கொடுத்திருந்தோம். படங்களை எடுத்து வைத்துவிட்டு அழிக்க அவருக்கு எந்தத் தடையும் இல்லை. ஆண்ட்ராய்டு 5.1 பதிப்பிலிருந்தே, டேப்பை இப்படி, அமைப்புகளுக்குள் போகாமல் வெளியிலிருந்து அழித்தால் பழைய கணக்கைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளும் பாதுகாப்பு உண்டு. திருடியவனுக்குப் பயன்படக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. தினமும் இதே வேலையைச் செய்கிறவருக்கு இது தெரியாது என்று சொன்னால் நான் நம்பத் தயாராக இல்லை. வெளியாள் மூடியைத் திறந்துவிட்டதால் உத்தரவாதம் செல்லுமா என்பதே சந்தேகம், காப்புத்தொகையில் பிடித்தம் வரலாம் என்று அலுவலகத்தில் சொல்லியிருக்கிறார்கள். இவை எல்லாவற்றையும்விட, ஒன்றும் அழியாது என்று ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு அழித்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அந்த நாரைக் குறிப்புகளை அவள் இப்போது நினைவிலிருந்து திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறாள்.

எழுத வந்த வழிகளைச் சுருக்கமாகவாவது சொல்லிவிடுகிறேன்.

டேப் சார்ஜ் ஏறவில்லை என்றால் முதலில் வேறொரு கேபிளில் போட்டுப் பாருங்கள். சார்ஜ் துளைக்குள் புத்தகப்பையின் பஞ்சும் தூசியும் அடைத்திருக்கும். டேப்பை அணைத்துவிட்டு, காய்ந்த பல்குச்சியால் மெதுவாக எடுங்கள், ஊசி வேண்டாம். வைஃபை இருந்தும் பாடம் திறக்கவில்லை, இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று வருகிறது என்றால் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். பேட்டரி வற்றி எழுந்த டேப்பில் தேதி பழைய ஆண்டுக்குப் போயிருக்கும். இணையதளங்களின் சான்றிதழ்கள் தேதியை வைத்தே சரிபார்க்கப்படுவதால் ஒன்றும் திறக்காது, தேதியைத் திருத்தினால் போதும். தொடுதிரை தாறுமாறாக ஓடுவது சார்ஜில் இருக்கும்போது மட்டும் என்றால் குறை மலிவான சார்ஜரில். மெதுவாக ஓடினால், இறக்கி வைத்த காணொளிகளை நீக்கி இடம் உண்டாக்குங்கள். பின்மூடி உப்பியிருந்தால் மட்டும் எதையும் முயலாதீர்கள். சார்ஜ் போடுவதை நிறுத்தி நேராகப் பள்ளியில் ஒப்படையுங்கள்.

பள்ளி டேப்பை வெளிக்கடையில் திறக்க விடாதீர்கள். பள்ளி பூட்டியிருந்தால் திறக்கும் வரை வைத்திருங்கள், அல்லது வகுப்பாசிரியரைக் கைபேசியில் பிடியுங்கள். தொடர் எண்ணை இன்றே ஒரு தாளில் எழுதி வையுங்கள். கடவு எண்ணை யாருக்கும் எழுதிக் கொடுக்காதீர்கள். எதை மாற்றினாலும் கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்குங்கள். கடையின் பெயர் வராத கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள்.

பில் தராமல் இருப்பதே 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. ஆகவே பில் இல்லையே என்று யாரும் ஒதுங்கிவிட வேண்டாம்; பணம் அனுப்பிய பதிவும் வாட்ஸ்அப் உரையாடலும் சான்றாகும், இரண்டையும் அழிக்காமல் வைத்திருங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் நான் பதிந்துவிட்டேன். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை. 6,500 ரூபாய்க்காக யார் அலைவார்கள் என்ற தைரியத்தில்தான் அந்தக் கடைக்காரர் பில் கேட்டுச் சிரித்தார். நான் அலைவேன். சந்திப்புப் பக்கத்துக் கடைகளில் பள்ளி டேப்பைக் கொடுத்து இதே போல ஏமாந்த பெற்றோர் வேறு யாராவது இருந்தால், பணம் அனுப்பிய பதிவோடு எனக்கு எழுதுங்கள். புகாரைச் சேர்ந்தே கொடுப்போம்.