கர்ப்பகாலச் சர்க்கரைக்கு மாத்திரையா, ஊசியா?

கர்ப்பகாலத்தில் சர்க்கரை இருப்பது தெரிந்தவுடனே பொதுவாக யாரும் மருந்து எழுதிவிடுவதில்லை. 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது டெசிலிட்டருக்கு 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் அது கர்ப்பகால நீரிழிவு என்பது நம் நாட்டில் பின்பற்றப்படும் கணக்கு. அதன்பின் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் உணவுக் கட்டுப்பாடும் நடையும்தான் வைத்தியம். அப்போதும் சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் 120-க்குக் கீழே இறங்கவில்லை என்றால்தான் மெட்ஃபார்மின் மாத்திரையா, இன்சுலின் ஊசியா என்ற கேள்வி வருகிறது. 2018-ஆம் ஆண்டின் தேசிய வழிகாட்டுதல் இரண்டையுமே அனுமதிக்கிறது. மாத்திரையை 20 வாரங்களுக்குப் பிறகே தொடங்க வேண்டும் என்பது மட்டும் அதில் உள்ள நிபந்தனை. உலக அளவிலும் ஒருமித்த கருத்து கிடையாது. அமெரிக்க நீரிழிவுச் சங்கம் இன்சுலினை முதலில் வைக்கிறது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்போ, வெறும் வயிற்றுச் சர்க்கரை 126-க்குக் கீழே இருக்கும் பெண்களுக்கு மாத்திரையை முதலில் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறது.

என் மருத்துவர் இரண்டையும் விளக்கிவிட்டு முடிவை என்னிடம் விட்டபோது நான் இன்சுலினைத் தேர்ந்தேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். மெட்ஃபார்மினை நான் எடுத்ததில்லை. என் தங்கை தன் கர்ப்பத்தில் எடுத்தாள். ஆகவே மாத்திரையைப் பற்றி இங்கே எழுதுவது அவள் பக்கத்திலிருந்து பார்த்தும், படித்தும் அறிந்த அளவுக்குத்தான்.

மாத்திரையின் வசதிகளை அதிகம் விளக்க வேண்டியதில்லை. விலை குறைவு, வலி இல்லை, பிரிட்ஜ் தேவையில்லை, வேலைக்குப் போகும் பெண் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாம். தனியாக எடுத்துக்கொள்ளும்போது சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடும் பயமும் அனேகமாக இல்லை. தாயின் எடையும் இன்சுலினில் கூடுவதைவிடக் குறைவாகவே கூடுகிறது. தொந்தரவு என்றால் வயிறுதான்: குமட்டல், வாயு, வயிற்றுப்போக்கு. தங்கைக்கு முதல் சில நாட்கள் காலையில் இட்லியைப் பார்த்தாலே புரட்டிக்கொண்டு வந்தது. அளவைக் குறைத்துத் தொடங்கி, சாப்பாட்டோடு சேர்த்து எடுக்கச் சொன்னபிறகு அது அடங்கியது.

இரண்டில் எது குழந்தைக்கு நல்லது என்ற கேள்விக்கு நான் படித்தவற்றில் மிகத் தெளிவாக இருந்தது, ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 751 பெண்களிடம் நடத்தப்பட்டு 2008-இல் வெளியான ஆய்வு. பிறந்த குழந்தைகளுக்கு ஏற்பட்ட சிக்கல்களின் மொத்தக் கணக்கில் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. இரண்டிலும் ஏறக்குறைய 32 சதவீதம். அடுத்த முறையும் இதே மருந்தை எடுப்பீர்களா என்று கேட்டபோது மாத்திரை எடுத்தவர்களில் 76.6 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். ஊசி போட்டவர்களில் 27.2 சதவீதம் பேர்தான் ஆம் என்றார்கள். இது வரையில் பார்த்தால் மாத்திரைதான் வென்றதாகத் தோன்றும். ஆனால் என் முடிவைத் தீர்மானித்த எண் அதே ஆய்வில் வேறோர் இடத்தில் இருக்கிறது. மாத்திரையில் தொடங்கிய பெண்களில் 46.3 சதவீதம் பேருக்கு, அது மட்டும் போதாமல், இடையில் இன்சுலினையும் சேர்க்க வேண்டியிருந்தது.

ஏன் அப்படி என்பதைப் புரிந்துகொண்டால்தான் இந்த ஒப்பீட்டின் அடிப்படை விளங்கும். கர்ப்பகாலச் சர்க்கரை ஒரே இடத்தில் நிற்கும் நோய் அன்று. நஞ்சுக்கொடி வளர வளர அதிலிருந்து சுரக்கும் ஹார்மோன்கள், தாயின் உடலில் இன்சுலின் வேலை செய்வதை மேலும் மேலும் தடுக்கின்றன. ஏழாம் மாதத்தில் கட்டுக்குள் இருந்த சர்க்கரை, சாப்பாட்டில் எதையும் மாற்றாமலே எட்டாம் மாதத்தில் கைமீறுவது அதனால்தான். மாத்திரைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. நம் வழிகாட்டுதலின்படி ஒரு நாளைக்கு 2 கிராம். அதற்கு மேல் போக முடியாது. இன்சுலினுக்கு அப்படிப்பட்ட வரம்பு இல்லை. தேவை எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு கூட்டிக்கொள்ளலாம், அதுவும் மிகச் சிறிய படிகளில்.

எனக்குச் சாப்பிட்டபின் வரும் எண்களைவிட விடியற்காலை எண்தான் அடங்காமல் இருந்தது. வெறும் வயிற்றில் 95-க்குக் கீழே இருக்க வேண்டியது, இரவு ஒரே ஒரு சப்பாத்தி சாப்பிட்டாலும் 104, 106 என்று நின்றது. படுக்கும் முன் போட்டுக்கொள்ளும் இன்சுலினை மருத்துவர் மிகக் குறைந்த அளவில் தொடங்கி, காலை எண் இறங்காவிட்டால் இரண்டு யூனிட் கூட்டிவிட்டுத் தனக்குத் தெரிவிக்கும்படி சொல்லியிருந்தார். இன்சுலின் போடும் பேனா வடிவக் கருவியின் அடிப்பகுதியைத் திருகும்போது ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு ‘டிக்’ கேட்கும். முதலில் இரண்டு யூனிட்டைக் காற்றில் தள்ளி, ஊசி முனையில் ஒரு துளி வருகிறதா என்று பார்த்துவிட்டு, அளவை வைத்துத் தொடையில் குத்தி, பத்து எண்ணும்வரை எடுக்காமல் இருக்க வேண்டும். மறுநாள் காலை குளுக்கோமீட்டரில் தெரியும் எண், முந்தின இரவு எடுத்த முடிவுக்கு நேரடியான பதிலாக இருந்தது. மாதம் ஏற ஏற யூனிட்டும் ஏறியது, காலை எண் மட்டும் தொண்ணூற்றுச் சொச்சத்திலேயே நின்றது. தங்கைக்கு மாத்திரை கூட்டப்பட்டபோது அது உண்மையில் வேலை செய்கிறதா என்று சொல்லவே அடுத்த சந்திப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில், குழந்தை வேகமாக எடை போடும் காலத்தில், ஒவ்வொரு வாரமும் பெரிது என்பதால் இந்தக் காத்திருப்பு எனக்கு உறுத்தலாக இருந்தது.

இரண்டாவது காரணம், இன்சுலின் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையிடம் போவதில்லை, மெட்ஃபார்மின் போகிறது. இதைச் சொல்லி யாரையும் பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை. முன்சொன்ன ஆய்வின் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தபோது, ஒரு நகரத்தில் ஏழு வயதில் இரு தரப்புக்கும் வேறுபாடு தெரியவில்லை. மற்றொரு நகரத்தில் ஒன்பது வயதில் மாத்திரைத் தரப்புக் குழந்தைகள் சில உடல் அளவுகளில் சற்றே பெரியவர்களாக இருந்தார்கள். இதிலிருந்து கேடு என்று முடிவுகட்ட முடியாது. மாத்திரையை விழுங்கிய தாய்மார்கள் குற்ற உணர்ச்சி கொள்ள இதில் எதுவும் இல்லை.

இன்சுலினின் சுமைகளையும் மறைக்கக் கூடாது. பிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், உறையவிடக் கூடாது. சித்திரை வெயிலில் பேருந்தில் எடுத்துக்கொண்டு போவது கவலைதான். பேனா வாங்க வசதியில்லாதவர்கள் குப்பியும் சிரிஞ்சும் வைத்துப் போடும்போது இன்னொரு விஷயத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். நம் ஊர்க் குப்பிகள் பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி போட்ட சிரிஞ்சு. 100 யூனிட் மருந்துக்கு ஆரஞ்சு மூடி. இரண்டையும் மாற்றிப் பயன்படுத்தினால் அளவு இரண்டரை மடங்கு தவறிவிடும். ஊசி போட்டுவிட்டுச் சாப்பாடு தள்ளிப்போனால் கை நடுங்கி வியர்க்கும். மீட்டரில் 70-க்குக் கீழே காட்டினால் உடனே மூன்று தேக்கரண்டி குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். என் மாமியார் சமையலறையிலும் படுக்கையறையிலும் ஒவ்வொரு பொட்டலம் வாங்கி வைத்திருந்தார்.

அவரே முதலில் தயங்கினார்: “ஒரு தடவை ஊசி ஆரம்பிச்சா ஆயுசுக்கும் விடாதும்மா.” பல வீடுகளில் மாத்திரை தேர்ந்தெடுக்கப்படுவது இந்த ஒரு பயத்தால்தான் என்று நினைக்கிறேன். அந்தப் பயத்துக்கு அடிப்படை இல்லை. நஞ்சுக்கொடி வெளியேறியதும் தடுக்கும் ஹார்மோன்களும் போய்விடுகின்றன. பெரும்பாலான பெண்களுக்குப் பிரசவத்தோடு ஊசியும் நின்றுவிடுகிறது, எனக்கும் நின்றது. பிறகும் சர்க்கரை தொடருமா என்பது எந்த மருந்தை எடுத்தோம் என்பதைப் பொறுத்தது அன்று. அதனால் எதை எடுத்திருந்தாலும் ஆறு வாரம் கழித்து மறுபடி 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனை செய்தாக வேண்டும்.

நான் இன்சுலின் பக்கம் சாய்ந்தாலும், மாத்திரையே பொருத்தம் என்று நினைக்கும் பெண்களும் உண்டு. கர்ப்பத்தின் பிற்பகுதியில் நோய் தெரியவந்து, வெறும் வயிற்று எண் இயல்புக்கு அருகிலேயே இருந்து, சாப்பிட்டபின் மட்டும் சற்று மீறுகிறவர்களுக்கு மாத்திரை மட்டுமே கடைசிவரை போதுமானதாக இருக்க வாய்ப்பு அதிகம். தங்கைக்கு அப்படித்தான் ஆயிற்று. வீட்டில் பிரிட்ஜ் இல்லாதவர்களும், ஊசி என்றாலே மயங்கி, போட்டதாகச் சொல்லிவிட்டுப் போடாமல் இருந்துவிடக் கூடியவர்களும் மருத்துவரிடம் அதை வெளிப்படையாகச் சொல்லி மாத்திரையைக் கேட்கலாம். ஆனால் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே சர்க்கரை கண்டறியப்பட்டு, விடியற்காலை எண்ணும் உயர்ந்து நிற்கிறது என்றால், எப்படியும் வரப்போகும் ஊசியை எட்டாம் மாதம் வரை தள்ளிப்போடாமல் முன்பே தொடங்குவது பற்றி அடுத்த சந்திப்பிலேயே கேளுங்கள்.