ஸான்ஷின்: ஒன்பது வருட உபயோகத்துக்குப் பிறகு

போன வாரம் என் ஷினாயில் (ஜப்பானிய வாள்கலையான கெண்டோவில் பிடிக்கும் மூங்கில் வாள்) ஒரு மூங்கில் பத்தை விரிந்துவிட்டது. மற்ற மூன்று பத்தைகளும் நன்றாகத்தான் இருந்தன. பழைய ஷினாயிலிருந்து ஒன்றை உருவிப் பொருத்தி, பால்கனியில் உட்கார்ந்து நூலை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது கீழ் வீட்டுத் தம்பி எட்டிப் பார்த்தான். “அண்ணா, இந்தக் கெண்டோ வாழ்க்கைக்கே உதவும்னு சொல்றாங்களே, நிஜமா? பையனைச் சேர்க்கலாமான்னு பார்க்கிறேன்.” நூலைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்ததால் அப்போது பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன்.

கவசம், கட்டணம், கையுறை நாற்றம் பற்றியெல்லாம் ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். தத்துவத்துக்கு வருவோம். வியப்பு, அச்சம், ஐயம், குழப்பம் என்ற நான்கு நோய்களும் மனத்தை அண்டக் கூடாது என்பது கெண்டோவின் பழைய பாடம். வார்டு அலுவலகத்திலிருந்து ஜப்பானியக் கான்ஜி எழுத்து நிறைந்த கடிதம் ஒன்று வந்தால் எனக்கு நான்கும் சேர்ந்தே வருகின்றன. டோக்கியோவின் நிஷி-கசாய்க்கு வந்த புதிதில் எப்படி வந்தனவோ, இன்றும் அப்படியே. வாளின் நெறியைக் கொண்டு மனிதனைப் பண்படுத்துவதே கெண்டோ என்று அனைத்து ஜப்பான் கெண்டோ சம்மேளனம் 1975-இல் எழுதி வைத்திருக்கிறது. நான் பண்பட்டேனா என்று என் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

உண்மையில் எனக்குள் ஒட்டிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: ஸான்ஷின். ‘மிச்சமிருக்கும் மனம்’ என்று பொருள். தலையில் சரியாக அடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. எதிராளியைக் கடந்து ஓடி, திரும்பி, ஷினாயின் நுனியை அவர் பக்கம் நிறுத்தி, அடுத்த அடி வந்தாலும் எதிர்கொள்ளத் தயாராக நிற்க வேண்டும். இது இல்லையென்றால் எவ்வளவு அழகான அடிக்கும் புள்ளி கிடையாது. கொடுத்த புள்ளியையும், கையை முறுக்கிக் குதித்துக் கொண்டாடினால் நடுவர்கள் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். வழக்கமாக நவம்பர் 3-ஆம் தேதி நிப்பான் புதோகான் அரங்கில் நடக்கும் தேசியப் போட்டியை முதல் தடவை பார்த்தபோது, இறுதி ஆட்டத்தில் ஜெயித்தது யார் என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இரண்டு முகங்களும் ஒன்று போலவே இருந்தன.

இந்தச் சரக்கு வேலை செய்கிறது, அதை மறுக்கவில்லை. அணைக்க சுவிட்ச் இல்லை, அதுதான் என் புகார். அடுப்பை அணைத்துவிட்டு ஒரு தடவை திரும்பிப் பார்ப்பேன். சரி, நல்ல பழக்கம்தான். மெயில் அனுப்பியபின் அனுப்பிய மெயிலைப் பத்து நிமிடம் படிப்பேன். ஆபீஸில் மூன்று மாத வேலை நள்ளிரவில் வெற்றிகரமாக லைவ் ஆனபோது எல்லோரும் கை தட்டினார்கள், நான் மட்டும் லாக் திரையை முறைத்துக்கொண்டிருந்தேன். எழவு வீட்டு முகம் என்று பெயர் வாங்கினேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். போன வருடம் மகள் பள்ளி விளையாட்டு விழாவில் தொடர் ஓட்டத்தின் கடைசிச் சுற்றில் இரண்டு பேரைத் தாண்டி முதலாவதாக வந்தாள். மூச்சிரைக்க என்னிடம் ஓடி வந்தாள். நான் சொன்ன முதல் வார்த்தை: “ஷூ லேஸ் அவிழ்ந்திருக்கு, பார்த்து.” அவள் முகம் போன போக்கை இன்னும் மறக்க முடியவில்லை. அன்று இரவு வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை, குக்கர் மட்டும்தான் சத்தம் போட்டது.

இதை எப்படி நிறுத்துவது என்று சென்செய்யிடம், அதாவது எங்கள் கெண்டோ ஆசிரியரிடம் கேட்டேன். எழுபதைத் தாண்டியவர், ஏழாம் ‘தான்’ (கெண்டோவில் தகுதிப் படி) பெற்றவர். நூறு பேர் முயன்றால் ஒருவர் தேறுவதே அபூர்வமான எட்டாம் ‘தான்’ தேர்வுக்கு இன்னமும் போய்வருகிறார், தோற்றுத் திரும்பிய மறுநாள் எங்களோடு குனிந்து தரை துடைக்கிறார். அவர் நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, “உன் வலது கையில் பிடி அதிகம்” என்றார். ஒன்பது வருடமாக எதைக் கேட்டாலும் எனக்கு இந்தப் பதில்தான். ஷினாய் சீக்கிரம் விரிவதும் அதனால்தானாம். எனக்குக் கோபம் வந்தது. மகளின் முகத்துக்கும் என் வலது கைக்கும் என்ன சம்பந்தம்?

ஆனால் ஒன்று சொல்லாமல் விட்டால் அநியாயம். ஒவ்வொரு பயிற்சிக்கு முன்னும் ஷினாயைக் கையில் உருட்டி, நான்கு பத்தைகளிலும் சிலாம்பு கிளம்பியிருக்கிறதா என்று பார்ப்போம். இருந்தால் சின்னக் கத்தியால் சீவி, மணல்தாளால் தேய்த்து, எண்ணெய் தடவுவோம். பயிற்சியில் எனக்கு மிகவும் பிடித்த கால் மணி நேரம் இதுதான். அடிக்கும்போது தெறிக்கும் மூங்கில் சில்லு முகக்கவசக் கம்பிகளுக்கு நடுவே புகுந்து கண்ணைக் குத்திவிடும். குத்தப்போவது என் கண்ணை அல்ல, எதிரே நிற்பவர் கண்ணை. அடிக்கப் போகிற ஆளின் கண்ணுக்காக உட்கார்ந்து மூங்கில் சீவும் வேலையை இதற்கு முன் நான் எங்கேயும் செய்ததில்லை. இதிலிருந்து வந்ததோ என்னவோ, டம்ளரை நான் சத்தமில்லாமல் வைக்கிறேன், லிஃப்ட் கதவைப் பின்னால் வருபவருக்காகப் பிடிக்கிறேன். மனைவிகூட இதை ஒப்புக்கொள்வாள், அரை மனதாக.

ஆகவே தம்பி, வாழ்க்கைக்கு உதவுமா என்று கேட்டாய். உதவாது. அதற்காகச் சேர்க்காதே. வேறு எதற்காகச் சேர்ப்பது என்று கேட்டால் எனக்கும் சொல்லத் தெரியவில்லை. பையனுக்கு ஷினாய் வேண்டுமென்றால் என் மகளுடைய சின்ன ஷினாய் ஒன்று அலமாரி மேல் சும்மா கிடக்கிறது. எடுத்துக்கொள், ஆனால் முதலில் நான் எண்ணெய் தடவித் தருகிறேன், தடவி ரொம்ப நாளாகிறது.