சூப்பர் மார்க்கெட்டை விட்டு இரண்டு வருடம்: உழவர் சந்தையும் கீழமாசி வீதியும்

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கும். தக்காளி எங்கே போனாலும் அதே விலைதான், அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த வாரம் சூப்பர் மார்க்கெட்டிலிருந்து வந்து பையைப் பிரித்தால், வழக்கமாக வாங்கும் பிஸ்கட் அதே விலை, எடை குறைவு. எண்ணெய் பாக்கெட் பார்க்க ஒரு லிட்டர் மாதிரி, உள்ளே 850 மில்லி. விலை ஏறிவிட்டது என்றால் நேராகச் சொல்லி விற்கட்டும். அளவைக் குறைத்து அதே கவரில் போடுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

அன்றிலிருந்து காய்கறிக்கு மதுரை அண்ணா நகர் உழவர் சந்தைதான். 1999 நவம்பர் 14-ல் தொடங்கியது, தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை. அடையாள அட்டை வைத்திருக்கும் விவசாயிகள்தான் விற்கலாம். கடைக்கு வாடகை இல்லை, தராசும் அங்கேயே கொடுக்கிறார்கள், நடுவில் கமிஷனும் கிடையாது. அன்றைய விலையைக் காலையிலேயே பலகையில் எழுதிவிடுவார்கள். வெளிக்கடையைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

எனக்கு விலையைவிடப் பிடித்தது அங்கே விற்பவர்களின் பேச்சு. வழக்கமாக எனக்கு வெண்டைக்காய் விற்கும் அம்மா ஒரு நாள், "இன்னைக்குக் கொஞ்சம் முத்தலா இருக்கு தாயி, கால் கிலோ போதும், நாளைக்கு இளசா வரும்" என்றார். அதன்பிறகு வெண்டைக்காயை வேறு யாரிடமும் வாங்கியதில்லை. கீரை, கத்தரி, முருங்கை எல்லாம் முதல் தரம். கேரட், பீன்ஸ் போன்ற மலைக்காய்களில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஏழு மணிக்குள் போய்விட வேண்டும், ஒன்பதுக்கு மேல் போனால் கழித்துப்போட்டதுதான் மிஞ்சும்.

மளிகைக்குக் கீழமாசி வீதி மொத்தக்கடை. எங்கள் தெருவில் மூன்று வீட்டார் சேர்ந்து துவரம்பருப்பு, உளுந்து, மல்லி, மிளகாய் வத்தல் வாங்கிப் பிரித்துக்கொள்கிறோம். முதல் தடவை பருப்பைக் காயவைக்காமல் டப்பாவில் கொட்டி வைத்தேன், ஐந்து கிலோவிலும் வண்டு. மனசு ஆறவேயில்லை. இப்போது ஒரு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, நாலைந்து வத்தல் போட்டு மூடுகிறேன். ஆறு மாதம் தாங்குகிறது.

செக்கு எண்ணெய் மூன்று மாதம் வாங்கிப் பார்த்தோம். வாசனை அருமை, ஆனால் தினச் சமையலுக்குக் கட்டுப்படியாகவில்லை. ரேஷனில் கிடைக்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய். இவற்றை விடுவதேயில்லை. ரேஷன் பருப்பு வேக ஒரு விசில் கூட ஆகும், அவ்வளவுதான்.

பஸ் செலவு போக மாதம் ஆயிரத்து இருநூறு ரூபாய்க்குக் குறையாமல் மிச்சமாகிறது. சோப்பு, பேஸ்ட், நாப்கினுக்கு மட்டும் இன்னமும் சூப்பர் மார்க்கெட் போகிறேன். அப்புறம், கிராமுக்கு எவ்வளவு என்று பாக்கெட்டில் சின்ன எழுத்தில் போட்டிருக்கும். அதைப் பார்க்காமல் எதையும் கூடையில் போடுவதில்லை.