கைசென் பயிற்சிச் சேவை: ஒரு சிறு ஆலையின் மதிப்புரை

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் சிறு ஆலை ஒன்றில் தரக் கட்டுப்பாட்டுப் பொறுப்பில் இருக்கிறேன். தொழிலாளர்களைக் குழுக்களாகச் சேர்த்து, அவர்களைக் கொண்டே வேலையிடத்தைத் தொடர்ந்து சீர்படுத்தும் கைசென் முறையைக் கற்பிப்பதற்காக ஓர் ஆலோசனை நிறுவனத்தை அமர்த்தினோம். இதே சேவையை ஏறக்குறைய இதே வடிவில் பலரும் விற்பதால், அதன் பெயரைச் சொல்லாமல் தன்மையை மட்டும் எழுதுகிறேன்.

தொடக்க வகுப்பு சுமார்தான். தொழிலாளர்களிடம் யோசனை கேட்டு டொயோட்டா 1951இல் தொடங்கிய திட்டம், தரச் சிக்கல்களைத் தொழிலாளர்களே கூடித் தீர்க்கும் சிறு குழுக்களாக 1962இல் ஜப்பானில் உருவான தர வட்டங்கள் என்று எல்லாம் ஆங்கிலப் படவில்லைகளாக ஓடின. பாடியில் உள்ள சுந்தரம் கிளேட்டனின் பிரேக்ஸ் பிரிவு தர மேலாண்மைக்காக ஜப்பானில் தரப்படும் டெமிங் பரிசை 1998இல் பெற்றதைச் சொன்னபோதுதான், பக்கத்து ஊர்க்கதை என்பதாலோ என்னவோ, பின்வரிசை நிமிர்ந்து உட்கார்ந்தது.

பயிற்சியாளர் வகுப்பறையை விட்டு இயந்திரத்தருகே வந்த பிறகுதான் சேவையின் உண்மையான மதிப்பு தெரிந்தது. எங்கள் டிரில்லிங் பிரிவில் இருபக்கமும் ஒன்றுபோலவே தோன்றும் ஒரு பாகத்தை, அதைப் பிடித்து நிறுத்தும் ஃபிக்சரில் திருப்பி வைத்துவிட்டால் துளை தவறான பக்கத்தில் விழும். 'கவனமாக வேலை செய்யவும்' என்ற அறிவிப்பைத் தவிர அதற்கு நாங்கள் எதுவும் செய்திருக்கவில்லை. ஆபரேட்டர், ஹெல்பர், இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கும் பெண் ஆகியோரை அங்கேயே நிற்கவைத்து, ஏன், ஏன் என்று அவர் விடாமல் கேட்டுக்கொண்டே போனபோது, பாகத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும் சிறு பள்ளத்துக்கு நேராக ஃபிக்சரில் ஒரு சிறு முளை வைத்தால் திருப்பி வைக்கவே முடியாதே என்று சொன்னவர் அந்த ஹெல்பர். டூல் ரூமில் கிடந்த துண்டுக் கம்பியிலேயே வேலை முடிந்தது. அந்தக் குறையால் வரும் ரிஜெக்‌ஷன் நின்றுபோனது.

அந்த ஹெல்பர் காண்ட்ராக்ட் தொழிலாளி. நிறுவனம் தந்த யோசனைப் படிவத்திலோ நிரந்தர ஊழியர் எண்ணுக்கு மட்டுமே கட்டம் இருந்தது! மாதத்துக்குத் தலைக்கு இத்தனை யோசனை என்று அவர்கள் வகுத்த இலக்கும் தவறான ஏற்பாடு. மாதக் கடைசியில் 'மின்விசிறியைத் துடைக்க வேண்டும்' என்ற ரகத்தில் பெட்டி நிரம்பியதே தவிர, வந்த யோசனைக்கு யார், எத்தனை நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்ற விதி எங்குமே இல்லை. ஏற்கப்படாத யோசனைக்கும் காரணத்தை எழுதி ஒரு வாரத்துக்குள் பலகையில் ஒட்டும் வழக்கத்தை நாங்களாகவே கொண்டுவந்த பிறகுதான் இரவு ஷிப்டிலிருந்தும் படிவங்கள் வரத் தொடங்கின.

கட்டணம் சிறு ஆலைக்குச் சற்று அதிகமே. அமர்த்த நினைப்பவர்கள் வகுப்பு நேரத்தைக் குறைத்து இயந்திரத்தருகே செலவிடும் நேரத்தைக் கூட்டுமாறும், பயிற்சி முழுவதும் தமிழில் நடக்க வேண்டும் என்றும், காண்ட்ராக்ட் தொழிலாளர்களும் குழுவில் சேர வேண்டும் என்றும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குவது நல்லது. இந்த மூன்றுக்கும் சம்மதித்ததால், அடுத்த கட்டப் பயிற்சியையும் அதே நிறுவனத்துக்கே கொடுத்திருக்கிறோம்.