அரசியலமைப்பைப் படிக்க: பி.ஏ. அரசியல் அறிவியலா, ஐந்தாண்டு சட்டப் படிப்பா?

பிளஸ் டூ முடித்துவிட்டு, அரசாங்கம் எப்படி நடக்கிறது, அரசியலமைப்பு என்ன சொல்கிறது என்பதை முறையாகப் படிக்க வேண்டும் என்று நினைக்கிற பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டில் முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நேரே ஐந்தாண்டு பி.ஏ., எல்எல்.பி. இன்னொன்று, மூன்றாண்டு பி.ஏ. அரசியல் அறிவியல், வேண்டுமானால் அதற்கு மேல் மூன்றாண்டு எல்எல்.பி. நான் இரண்டாவது வழியில் போனவள். அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ., பிறகு அரசு சட்டக் கல்லூரி. இரண்டு வகுப்பறைகளிலும் உட்கார்ந்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஆர்வம் உண்மையிலேயே அரசியலமைப்பின் மேல்தான் என்றால், முதலில் அரசியல் அறிவியல் படியுங்கள் என்பதுதான் என் பக்கம்.

எல்லோருக்கும் தெரிந்த விஷயங்களைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். வக்கீலாவதுதான் குறி என்றால் ஐந்தாண்டுப் படிப்பில் ஒரு வருடம் மிச்சம். பி.ஏ. வழியில் மூன்றாம் ஆண்டு முடிவில் கையில் ஒரு பட்டம் இருக்கும். சிவில் சர்வீஸ் தேர்வு எழுதலாம், எம்.ஏ. போகலாம், சட்டத்துக்கும் போகலாம். ஐந்தாண்டுப் படிப்பில் நடுவில் நிறுத்தினால் பி.ஏ.வை மட்டும் பிரித்து வாங்க முடியாது. சட்டப் படிப்பை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் 2008 விதிகள் அதைத் தடுக்கின்றன. வீட்டில் பணக் கஷ்டம் வரக்கூடும் என்று தெரிந்தவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

ஆனால் என் முடிவுக்குக் காரணம் இவை எதுவும் இல்லை. அரசியலமைப்புக்கு அந்தப் படிப்பில் எவ்வளவு இடம் கிடைக்கிறது, எந்தப் பக்கத்திலிருந்து அதற்குள் நுழைகிறோம் என்பதுதான் காரணம்.

சட்டக் கல்லூரியில் அரசியலமைப்புச் சட்டம் கட்டாயப் பாடமாக இரண்டு பேப்பர். அதோடு நிர்வாகச் சட்டம் ஒன்று. மற்றபடி ஒப்பந்தம், குற்றவியல், குடும்பச் சட்டம், சொத்து, சாட்சியம், கம்பெனிச் சட்டம், வரி, தொழிலாளர் சட்டம் என்று வரிசை நீளும். வக்கீல் தொழிலுக்கு அத்தனையும் தேவைதான், அதில் குறை சொல்ல முடியாது. ஐந்தாண்டுப் படிப்பிலும் தொடக்கத்தில் அரசியல் அறிவியல் பேப்பர்கள் வரும். ஆனால் பெரும்பாலான மாணவர்கள் அவற்றை 'உண்மையான' சட்டப் பாடங்கள் வரும்வரை தாண்ட வேண்டியவையாகத்தான் பார்க்கிறார்கள். பி.ஏ.வில் நிலைமை வேறு. அரசியல் கோட்பாடு, மேலை நாட்டுச் சிந்தனை, இந்தியச் சிந்தனை, பிரிட்டன் அமெரிக்கா பிரான்ஸ் ஆட்சிமுறைகள், இந்திய அரசாங்கம், பொது நிர்வாகம், உள்ளாட்சி என்று மூன்று வருடமும் ஒரே கேள்வியைத்தான் சுற்றி வருகிறோம். அதிகாரம் யாரிடம் இருக்கிறது, அதற்கு வரம்பு எது?

ஒரே வழக்கை இரண்டு இடத்திலும் படித்தேன். மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் இருந்த இட ஒதுக்கீட்டை எதிர்த்த செண்பகம் துரைராஜன் வழக்கு. சட்டக் கல்லூரியில் அது ஒரு பத்தியில் முடிந்துவிட்டது. சென்னை மாகாணத்தின் கம்யூனல் ஜி.ஓ. (கல்லூரி இடங்களைச் சாதி, மத வாரியாகப் பங்கிட்ட அரசாணை), மதம், சாதி போன்றவற்றை மட்டும் வைத்து அரசுக் கல்லூரியில் இடம் மறுக்கக் கூடாது என்கிற பிரிவு 29(2)-க்கு முரணானது, நலிந்த பிரிவினரின் கல்வி நலனைக் காக்கச் சொல்லும் பிரிவு 46-ஐக் காட்டி அதைக் காப்பாற்ற முடியாது, ஏனென்றால் 46 போன்ற வழிகாட்டு நெறிகள் (அரசு பின்பற்ற வேண்டிய கொள்கைகள்) அடிப்படை உரிமைகளுக்குக் கீழ்ப்பட்டவை. பிறகு, பிற்படுத்தப்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய இடம் தரும் பிரிவு 15(4) வந்தது. அடுத்த வழக்கு. தேர்வுக்கு அது போதும்.

பி.ஏ. வகுப்பில் அதே வழக்கு நீதிக்கட்சி ஆட்சியின் ஆணைகளிலிருந்து தொடங்கியது. கல்லூரிச் சேர்க்கையில் ஒவ்வொரு 14 இடங்களிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்ற பங்கீட்டைப் பேராசிரியர் கரும்பலகையில் எழுதிப் போட்டு, "இதில் யாருக்கு என்ன நியாயம்?" என்று கேட்டார். வகுப்பே இரண்டு பட்டது. செண்பகத்தோடு வழக்குத் தொடுத்த இன்னொரு மனுதாரருக்காக உயர் நீதிமன்றத்தில் வாதாடியவர், அரசியலமைப்பு வரைவுக் குழுவிலேயே இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் என்பதையும் அங்கேதான் அறிந்தேன். 1951 ஏப்ரல் 9-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. இங்கே தெருவில் பெரியாரின் போராட்டம், டெல்லியில் நேருவின் அரசு, ஜூன் மாதமே 15(4)-ஐச் சேர்த்த முதல் அரசியலமைப்புத் திருத்தம். அதைச் செய்தது முதல் பொதுத் தேர்தல் நடப்பதற்கு முந்தைய தற்காலிக நாடாளுமன்றம். மக்கள் இன்னும் வாக்களிக்கவே இல்லாதபோது அரசியலமைப்பைத் திருத்தலாமா என்று அன்றைக்கே எதிர்ப்பு எழுந்தது. அந்த ஒரு வழக்குக்கு எங்களுக்கு ஒரு வாரம் போனது.

இதைப் படித்த பிறகு, அரசியலமைப்பைத் திருத்த நாடாளுமன்றத்துக்கு எவ்வளவு அதிகாரம் உண்டு என்று முடிவுசெய்த கேசவானந்த பாரதி வழக்குக்கு வந்தால், 13 நீதிபதிகள், 7-க்கு 6 என்ற எண்ணிக்கை வெறும் மனப்பாடமாக இருக்காது. நாடாளுமன்றமும் நீதிமன்றமும் 1951-லிருந்தே இழுத்துக்கொண்டு வந்த சண்டை 1973-ல் எங்கே போய் நின்றது என்பது புரியும். 'அடிப்படைக் கட்டமைப்பு' (எந்தத் திருத்தத்தாலும் சிதைக்க முடியாத பகுதி) என்ற சொல் அரசியலமைப்பில் எங்கும் இல்லாதபோதும் நீதிமன்றத்துக்கு அது ஏன் தேவைப்பட்டது என்பதும் புரியும். சண்டையை முதலில் தெரிந்துகொண்டு பிறகு விதிக்குப் போனவர்களுக்கு விதி மறப்பதில்லை. சட்டக் கல்லூரியில் என்னோடு படித்த மற்ற பாடப்பிரிவுக்காரர்கள் திணறிய இடத்தில் எனக்குக் கை கொடுத்தது இதுதான்.

சரி, பி.ஏ.வில் குறையே இல்லையா? இருக்கிறது, பெரிய குறை. அரசியலமைப்புப் புத்தகத்தை ஒரு தடவைகூடத் திறக்காமல், கைடை வைத்தே பாஸ் ஆகிவிடலாம். பரீட்சைத் தாளில் 'ஆளுநரின் அதிகாரங்களை விவரி' என்று கேட்பார்கள், பத்துப் பாயின்ட் எழுதினால் மதிப்பெண். எந்தப் பிரிவு, அதில் என்ன வார்த்தை, எந்தத் தீர்ப்பு என்று விடாமல் பிடிக்கும் பழக்கம் எனக்குச் சட்டக் கல்லூரியில்தான் வந்தது. சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் என்ன செய்யலாம் என்று சொல்லும் பிரிவு 200-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டு அரசின் 10 மசோதாக்கள் விஷயத்தில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் ஆளுநருக்குக் காலக்கெடு வைத்தார்கள். குடியரசுத் தலைவர் விளக்கம் கேட்டதும், அப்படிக் காலக்கெடு விதிக்க முடியாது என்று ஐந்து நீதிபதிகள் அமர்வு நவம்பரில் கருத்துச் சொன்னது. இதைப் பின்தொடர பிரிவின் வாசகத்தை வரிவரியாகப் படிக்கத் தெரிய வேண்டும், அது சட்டம் தரும் பயிற்சி. அதே நேரம், மத்திய மாநில உறவுகளை ஆராய்ந்த 1971-ன் ராஜமன்னார் குழு அறிக்கையும் 1988-ன் சர்க்காரியா ஆணைய அறிக்கையும் ஆளுநர் பதவியைப் பற்றி ஏன் அவ்வளவு பேசின என்பது தெரியாமல் போனால், இது ஏதோ இரண்டு பேரின் தகராறாகத்தான் படும்.

தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களைப் பற்றி நான் உறுதியாகப் பேச மாட்டேன். கிளாட் என்ற நுழைவுத் தேர்வை எழுதி அங்கே போன தோழிகள், முதல் வருடத்திலேயே முழுத் தீர்ப்பைப் படித்து வரச் சொல்வார்கள் என்கிறார்கள். அப்படியொரு இடம் கிடைத்து, செலவும் கட்டுப்படியாகும் என்றால் என் வாதம் கொஞ்சம் வலுவிழக்கும். வீட்டில் ஏற்கெனவே வக்கீல் இருக்கிறார், 23 வயதில் கோர்ட்டுக்குப் போயாக வேண்டும் என்பவர்களும் ஐந்தாண்டுக்கே போகலாம்.

பி.ஏ. என்று முடிவெடுத்தால், விண்ணப்பிக்கும் முன் கல்லூரியின் சிலபஸை வாங்கிப் பாருங்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். இந்திய அரசியலமைப்பு ஒரே செமஸ்டரில் முடிகிறதா இரண்டில் வருகிறதா, ஆட்சிமுறை ஒப்பீடு இருக்கிறதா, மாநில அரசியலுக்கு இடம் உண்டா என்று பாருங்கள். சேர்ந்ததும் அரசியலமைப்பின் பேர் ஆக்ட் (விளக்கவுரை இல்லாமல் மூல வாசகம் மட்டும் உள்ள புத்தகம்) ஒன்று வாங்கிவிடுங்கள். அரசியலமைப்பை உருவாக்கிய அரசியல் நிர்ணய சபையின் விவாதங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆங்கிலம் தடுமாறினாலும் 1949 நவம்பர் 25 அன்று அம்பேத்கர் பேசியதிலிருந்து தொடங்கலாம். தீர்ப்புகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வரும் என்பதால், தமிழ் வழியில் படிக்கிறவர்கள் அந்தப் பழக்கத்தை முதல் வருடத்திலேயே ஆரம்பிப்பது நல்லது.